காய்ச்சல் நின்ற பிறகு: பிள்ளையின் சுவாசப்பைக்குள் நடப்பது என்ன?

(மீள்குடியேறும் குடும்பங்களுக்காக வலிகாமம் வடக்கின் சனசமூக நிலையம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் மலசலகூடம், சீமெந்து, காணி உறுதி என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். முடிந்து எல்லோரும் எழும்பும் நேரம் பின்வரிசையில் இருந்த ஒரு தாய் கையைத் தூக்கினார். "மிஸ், இவனுக்குக் காய்ச்சல் நிண்டு மூண்டு கிழமை. ஆஸ்பத்திரியிலயும் துண்டு வெட்டி விட்டிட்டினம். இன்னும் இரவில இருமுறான், ஓடினால் இளைக்குது. சுகம் எண்டால் ஏன் இப்பிடி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைவிட வெட்கமான விடயம் ஒன்றும் உண்டு. உங்கள் வீடுகளுக்கு நாங்கள் முன்னர் தந்த துண்டுப்பிரசுரத்தில், "காய்ச்சல் நின்று பிள்ளை விளையாடத் தொடங்கினால் பயப்படத் தேவையில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியது நான்தான். நான் கலைப்பட்டதாரி. படம் போடுவதும் வசனம் எழுதுவதும் என் வேலை. அந்த வரி பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை ஒரு குழந்தை வைத்திய நிபுணரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டும், வாசித்தும் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நோயெதிர்ப்பைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் படை, எதிரி, தாக்குதல், முற்றுகை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொற்களில் விருப்பமில்லை. உங்களுக்கும் அவை கேட்டுப் புளித்திருக்கும். ஆகவே நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை வைத்தே சொல்கிறேன்.

பல வருடம் பூட்டிக் கிடந்த காணிக்குள் முதல் நாள் போனீர்கள். பற்றை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கத்தியும் கோடரியும் எடுத்து வந்தவர்கள் கண்டதையெல்லாம் வெட்டினார்கள். அந்த அவசரத்தில் தானாக முளைத்து நின்ற மாங்கன்றும் போயிருக்கும். பிறகு வெட்டிக் குவித்ததை அள்ள வேறு ஆட்கள் வந்தார்கள். அதற்கும் பிறகுதான் வேலி அடைப்பு, கிணறு இறைப்பு எல்லாம். பற்றை வெட்டிய அன்றைக்கே காணி வீடாகிவிடவில்லைத்தானே?

பிள்ளையின் சுவாசப்பையிலும் இந்த ஒழுங்கில்தான் வேலை நடக்கிறது. வைரசு ஒன்று சுவாசக் குழாயின் உட்சுவரில் இருக்கும் கலங்களுக்குள் புகுந்தால், சில மணித்தியாலங்களிலேயே இரத்தத்தில் இருந்து ஒருவகை வெண்குழியங்கள் கூட்டமாக வந்து சேரும். நியூத்திரோபில் என்று அவற்றுக்குப் பெயர். இவைதான் கத்தியோடு வருகிறவர்கள். கிருமியை விழுங்கும், கிருமியைக் கரைக்கும் இரசாயனங்களையும் வெளியே விடும். அந்த இரசாயனம் கிருமியை மட்டும் தெரிந்தெடுத்துக் கரைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் சொந்தக் கலங்களையும் புண்ணாக்கும். நியூத்திரோபிலின் ஆயுள் குறைவு. வேலை முடிந்து அங்கேயே செத்துக் குவியும்.

அந்தக் குவியலை அள்ளுவது பெருந்தின்கலங்கள் என்ற வேறொரு வகை. சுவாசப்பையின் காற்றுச் சிற்றறைகளில் இவை எந்த நாளும் காவல் இருப்பவை. தூசு, புகைக்கரி, செத்த கலம் எல்லாவற்றையும் விழுங்கித் துப்புரவாக்கும். இவற்றோடு நிணநீர்க்குழியங்கள் வந்து வைரசு புகுந்த கலங்களை அடையாளம் கண்டு அழிக்கும். அவற்றில் ஒரு பகுதி ஞாபகக் கலங்களாகத் தங்கிவிடும். அதே வைரசு அடுத்த முறை வந்தால் இவை வேகமாக வேலையைத் தொடங்கும். முழுதாகத் தடுத்துவிடும் என்றில்லை. தடிமன் வைரசுகள் பலவகை. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது சாதாரணம். புதிதாக முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு மாதா மாதம் மூக்கு ஒழுகினால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அர்த்தமில்லை.

சளியின் நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மிஸ், சளி பச்சையாகப் போகுது, அன்டிபயற்றிக் வேணும்" என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பச்சை கிருமியின் நிறம் இல்லை. நியூத்திரோபிலுக்குள் இரும்புச் சத்துச் சேர்ந்த பச்சை நிறப் புரதம் ஒன்று இருக்கிறது. வெண்குழியங்கள் நிறையச் சேர்ந்த சளி அதனால்தான் பச்சையாகிறது. சாதாரண வைரசுத் தடிமனிலும் இது நடக்கும். வைரசுக்கு அன்டிபயற்றிக் வேலை செய்யாது. ஆகவே நிறத்தை வைத்து மருந்து தீர்மானிக்கவேண்டாம். வைத்தியர் பார்த்து அன்டிபயற்றிக் தந்தால், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றுவிட்டது என்று நிறுத்தி, மிச்சப் போத்தலை அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்துவைக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை விட்டுவிடுங்கள்.

சரி, அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் நின்ற பிறகும் ஏன் இருமல்?

சுவாசக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற பிசிர்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே பக்கமாக அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். வைரசு முதலில் நாசமாக்குவது இந்தப் பிசிருள்ள கலங்களைத்தான். அவை திரும்ப முளைத்து ஒழுங்காக அசையச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரை சளியை வெளியே கொண்டுவர உடம்புக்கு இருக்கும் ஒரே வழி இருமல். அதோடு, புண்ணான சுவரில் நரம்பு முனைகள் வெளியே தெரிந்தபடி இருப்பதால் குளிர்காற்று பட்டாலும், சிரித்தாலும், ஓடினாலும் இருமல் கிளம்பும். தடிமனோடு வந்த இருமல் பாதிப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் நின்றுவிடும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நிற்க ஏறத்தாழ 25 நாள் எடுக்கும். ஆகவே மூன்று கிழமை இருமல் என்பது, பிள்ளை மற்றப்படி உற்சாகமாகச் சாப்பிட்டு விளையாடினால், பழுது திருத்தும் வேலையின் சத்தம்தான்.

இளைப்புக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பப்பாசி இலைத்தண்டால் தண்ணீர் உறிஞ்சிப் பாருங்கள், இலேசாக வரும். எழுதி முடிந்த பேனைக் குழாயால் உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் நோகும். குழாயின் விட்டம் பாதியானால் அதற்குள்ளால் போகும் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. பெரியவர்களின் குழாய் அகலம். உட்சுவர் கொஞ்சம் வீங்கினாலும் எங்களுக்குத் தெரியாது. கைக்குழந்தையின் சிறு குழாய்களில் அதே அளவு வீக்கம் மூச்சையே திணறவைக்கும். ஆர்.எஸ்.வி. என்ற வைரசு இந்தச் சிறு குழாய்களைத்தான் தேடிப் போகும். இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தடவையாவது அது வந்து போகிறது. பெரும்பாலானோருக்கு வெறும் தடிமன். சிலருக்கு நெஞ்சில் விசில் சத்தத்தோடு முட்டு.

"அப்ப இவனுக்குத் தொய்வு வந்திட்டுதோ?" என்று அந்தத் தாய் தொடர்ந்து கேட்டார். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ரூசன் நகரில் 1980இல் இருந்து பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதுக்குள் முட்டு வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. அவர்களுக்குத் தொய்வு அல்ல, குழாய் சின்னது. வளர வளரச் சரியாகிவிட்டது. மற்ற நாலு பேருக்குத்தான் தொடர்ந்து பார்வை வேண்டும். தாய் தகப்பனுக்குத் தொய்வு இருந்தால், பிள்ளைக்குத் தோலில் கரப்பன் இருந்தால், தடிமன் இல்லாத நாளிலும் முட்டு வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். வைத்தியர் இன்ஹேலர் தந்தால் பயப்படாதீர்கள். "பழகிவிடும், பிறகு விட ஏலாது" என்பது பிழையான கதை. மருந்து நேரே குழாய்க்குப் போவதால் குடிக்கும் பாணியைவிட அளவு மிகக் குறைவு.

அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். பிரித்தானியாவில் 1946இல் பிறந்தவர்களை எழுபது வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. இரண்டு வயதுக்குள் நெஞ்சுத் தொற்று வந்தவர்கள், பெரியவர்களானபின் சுவாச நோயால் வயதுக்கு முந்தி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அப்படி இறந்தவர்கள் எல்லாமாகச் சிறு தொகைதான். நிமோனியா வந்த பிள்ளைகளின் தாய்மார் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கும்போது சுவாசப்பையில் இருப்பது வளர்ந்தவருக்கு இருக்கும் சிற்றறைகளில் ஒரு சிறு பகுதிதான். மிச்சத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வயதுக்குள் உருவாகிறது. அதாவது அந்த வயதில் சுவாசப்பை கட்டி முடியாத வீடு. அந்த நேரத்தில் சேதம் வந்தால் அடையாளம் மிஞ்சலாம், அதே நேரத்தில் திரும்பக் கட்டும் சக்தியும் அந்த வயதில்தான் கூட. நோய் தீர்ந்த பின் வரும் கிழமைகளைப் பற்றி நான் இவ்வளவு கதைப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கிழமைகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வைரசுத் தொற்று முடிந்த கையோடு பெருந்தின்கலங்கள் களைத்துப்போய் இருக்கும். பற்றீரியாவை விழுங்கும் வேகம் குறைவு. பிசிரும் இல்லை. வேலி விழுந்த காணி மாதிரி. 1918ஆம் ஆண்டுப் பெரிய இன்புளுவென்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலானோரின் உயிரைக் கடைசியில் எடுத்தது வைரசு தனியே அல்ல, அதன் பின்னால் வந்த பற்றீரியா நிமோனியா. ஆகவே பிள்ளை தேறிவரும்போது திரும்பவும் காய்ச்சல் வந்தால் "பழைய காய்ச்சல்தானே" என்று இருக்கவேண்டாம். அது புதிய நோயாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

இப்போது புகை. இதில்தான் நாங்கள் கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டி வரும் என்று நினைக்கிறேன்.

காணி துப்புரவாக்கினால் வெட்டியதைக் கொளுத்தத்தான் வேண்டும் என்று ஐயாமார் சொல்வீர்கள். பின்னேரமானால் இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் புகை எழும்புகிறது. காவோலை, பற்றை, பச்சை மரம், சில இடத்தில் பொலித்தீனும் சேர்த்து. தேறிவரும் பிள்ளையின் பெருந்தின்கலங்கள் செத்த கலங்களை அள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கரியையும் அவற்றின் தலையில் போடுகிறோம். கரி விழுங்கிய பெருந்தின்கலம் கிருமி விழுங்குவதில் பின்தங்கும். புதிதாக முளைக்கும் பிசிரையும் புகை முடக்கும். வீட்டுக்குள் விறகுப் புகையில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எரிவாயு அடுப்பு வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த விலை எனக்குத் தெரியும். ஆனால் நிரந்தர வீடு வரும்வரை குசினியைக் கொட்டிலுக்கு வெளியே, காற்றுப் போகும் பக்கமாக, ஒரு பத்தி இறக்கிப் போடலாம். விறகை வெயிலில் காயவைத்து, சின்னதாகப் பிளந்து எரிக்கலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுவதை நிறுத்தலாம். வேறு யாராவது பிள்ளையைத் தூக்கட்டும், அப்பாமாரைத்தான் சொல்கிறேன். வெட்டிய பற்றையைக் குழி தோண்டிப் புதைத்தால் தென்னைக்குப் பசளை. பொலித்தீனைக் கொளுத்தவே வேண்டாம்.

நுளம்புத்திரி இன்னொரு சங்கதி. கதவு யன்னல் சாத்திய அறையில் ஒரு திரி எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் புகைக்குச் சமம் என்று ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். டெங்கு உள்ள ஊரில் நுளம்பைக் கடிக்க விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நுளம்புவலை போடுங்கள், பகலில் தூங்கும் பிள்ளைக்கும் போடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மம்மாமாரோடு ஒரு வார்த்தை. தடிமன் பிள்ளைக்கு வாழைப்பழம் கூடாது, முட்டை கூடாது, குளிர் என்று எல்லாவற்றையும் மறித்தால், அழிந்த கலங்களைத் திரும்பக் கட்ட உடம்பு சாமானுக்கு எங்கே போகும்? நோய்க்குப் பின் இரண்டு கிழமைக்காவது நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கூடக் கொடுங்கள். கஞ்சி, பருப்பு, முட்டை, மீன், பழம் எதையும் மறிக்கவேண்டாம். தாய்ப்பாலைக் குறைக்கவே கூடாது. உங்கள் கொத்தமல்லித் தண்ணீரில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, நானும் குடிப்பேன். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் நல்லது. ஒரு வயதுக்குக் கீழே தேன் ஒரு துளியும் வேண்டாம், அதில் சில நேரம் இருக்கும் ஒரு கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்து. கடையில் வாங்கும் இருமல் பாணியும், கர்ப்பூரம் சேர்ந்த தைலத்தை மூக்கில் தடவுவதும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எப்போது ஓடவேண்டும்? கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சு எழும்புவதை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கவேண்டாம், முழு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்து போனால், குடிக்க முடியாவிட்டால், குடிப்பதையெல்லாம் வாந்தி எடுத்தால், எழுப்ப எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், உதடு நீலம் பாய்ந்தால் நேரத்தைக் கூட எண்ணவேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இரவிலும் வரும். வீட்டு இலக்கம் இன்னும் இல்லாதவர்கள் பக்கத்துக் கோயில், சந்தி, பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அந்நேரத்துப் பதற்றத்தில் ஞாபகம் வராது.

இருமல் நாலு கிழமை தாண்டினால், எடை குறைந்தால், வீட்டில் யாருக்காவது கசநோய் இருந்தால் அல்லது முன்னர் இருந்திருந்தால், நான் முதலில் சொன்ன "பழுது திருத்தும் சத்தம்" என்ற கணக்கு இங்கே பொருந்தாது. நாலு கிழமை வரை காத்திராமல் காட்டுங்கள்.

கடைசியாக, இந்தியாவில் முகாம்களில் இருந்து திரும்பி வந்திருக்கும் குடும்பங்களுக்கு. சின்னமுத்து வந்த பிள்ளையின் நோயெதிர்ப்புக் கலங்கள், முன்னர் வந்துபோன மற்றக் கிருமிகளைப் பற்றிய ஞாபகத்திலும் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன. அதனால் சின்னமுத்து மாறிய பிறகும் நெஞ்சுத் தொற்று வந்துகொண்டிருக்கும். அதைத் தடுக்கும் ஊசி இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது, இந்தியாவின் கணக்கு வேறு. நிமோனியாவுக்கான கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி இங்கே 2, 4, 6 மாதத்தில், அங்கே 6, 10, 14 கிழமையில். அங்கே போட்டது இங்கே செல்லாது என்று நினைத்து யாரும் பழைய அட்டையை எறிந்துவிடாதீர்கள். அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொண்டுபோனால், விடுபட்டது எது என்று பார்த்து இங்குள்ள பிள்ளைச் சுகாதாரப் பதிவேட்டில் ஏற்றித் தருவார். அட்டை நனைந்து கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டுபோங்கள். லமினேற் மட்டும் செய்யவேண்டாம், பிறகு அதில் எழுத முடியாது.

அந்தத் தாய் இன்றைக்கும் பின்வரிசையில்தான் இருக்கிறார். மகனின் மூச்சை எண்ண அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். 28. நீங்களும் இப்போது ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், நான் நேரம் பார்க்கிறேன்.